இரும்பு பெக்போர்டு: பலகை நன்று, கொக்கிதான் வேலை வைக்கிறது

வீட்டுப் பட்டறைச் சுவரில் கருவிகளை மாட்ட இப்போது பலரும் வாங்குவது 2 அடிக்கு 2 அடி இரும்பு பெக்போர்டு, அதாவது கொக்கி மாட்ட வரிசையாகத் துளையிட்ட தகட்டுப் பலகை. பலகை, இருபது முப்பது கொக்கிகள், இரண்டு மூன்று பிளாஸ்டிக் பெட்டிகள், திருகாணிப் பொட்டலம் எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வருகின்றன. பலகைக்காக மட்டும் இதைத் தாராளமாக வாங்கலாம். மற்றவற்றில் பாதியை மாற்ற வேண்டியிருக்கும்.

முதலில் தகட்டின் கனம். 20 கேஜ், அதாவது 0.9 மி.மீ. இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். 22 கேஜ் தகடு 0.7 மி.மீ.தான், சுத்தியலை மாட்டி எடுக்கும்போதெல்லாம் நடுப்பகுதி டொம் டொம்மென்று உள்வாங்கும். அடுத்தது துளை. 10 மி.மீ. சதுரத் துளை, 38 மி.மீ. இடைவெளி என்பது ஒரு வகை. கால் அங்குல வட்டத் துளை, 1 அங்குல இடைவெளி என்பது இன்னொன்று. ஒன்றின் கொக்கி மற்றொன்றில் உட்காராது. தனியாகக் கொக்கி வாங்கி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பார்க்காமல் விட்டவர்கள்தான். துளையின் உள்விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பெயின்ட் இல்லாமல் வெறும் இரும்பு தெரிந்தால், கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலத்திலேயே துருக்கோடு இறங்கிவிடும்.

பொருத்தும் வேலையில்தான் பெரும்பாலான பலகைகள் தோற்கின்றன. பொட்டலத்தில் வரும் 6 மி.மீ. பிளக், அதாவது சுவர்த் துளைக்குள் திருகாணியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழல், 25 மி.மீ. நீளம்தான் இருக்கும். நம் வீட்டுச் சுவர்ப் பூச்சே 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கிறது. ஆக, பிளக் செங்கல்லைச் சரியாகப் பிடிப்பதே இல்லை, பெரும்பாலும் பூச்சைத்தான் பிடிக்கிறது. சுமை ஏறியதும் பூச்சோடு பெயர்ந்து வரும். அந்தப் பொட்டலத்தை ஓரமாக வைத்துவிடுங்கள்.

பலகைக்குப் பின்னால் குறைந்தது 15 மி.மீ. இடைவெளியும் வேண்டும். விளிம்பு மடிப்பு அவ்வளவு ஆழம் இல்லையென்றால் கொக்கியின் வால் சுவரில் முட்டிக்கொண்டு திரும்பாது. இரண்டு குறைக்கும் ஒரே மருந்து ரீப்பர். 2 அங்குல அகலம், 1 அங்குல கனம் உள்ள ரீப்பர் கட்டைகள் மூன்றைச் சுவரில் கிடையாக அடித்து, பலகையை அவற்றின்மேல் திருகுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் முதலில் 5.5 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள். சுவரில் 8 மி.மீ. பிட்டால் 60 மி.மீ. ஆழம் துளைத்து, தூசியை ஊதி வெளியேற்றிவிட்டு 8 மி.மீ. பிளக்கை இறக்குங்கள். தூசி உள்ளே தங்கினால் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும். திருகாணி 5 மி.மீ. கனம், 75 மி.மீ. நீளம்: கட்டைக்கு 25, பூச்சுக்கு 15, மீதி 35 செங்கல்லுக்குள். ஹாலோ பிளாக் சுவரென்றால் சாதாரண பிளக் உள்ளே உள்ள வெற்றிடத்தில் விழுந்துவிடும். அதற்கென்று விற்கும் நீள பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலோ நேர் கீழோ துளைக்கவே கூடாது. ஒயர்க் குழாய் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் ஓடும்.

உயரம்: மேசை 85 செ.மீ. என்றால் பலகையின் அடிவிளிம்பு 105 செ.மீ.யில் இருக்கட்டும். அதற்குக் கீழே வந்தால் மேசையில் நிறுத்தும் நீளக் கட்டைகள் கருவிகளில் இடித்துக்கொண்டே இருக்கும்.

இனி கொக்கிகள். சுத்தியலை எடுக்கும்போது கொக்கியும் கையோடு வருவது இந்த வகைப் பலகையின் பழைய நோய். அடிப்பகுதியில் பூட்டும் நாக்கு உள்ள கொக்கி என்றால் வராது. நாக்கு இல்லாததைக் கேபிள் டை போட்டு அடுத்த துளையோடு சேர்த்து இறுக்கிவிடலாம். பளபளப்பான முலாம் பூசிய கொக்கி, கருவி உரசும் வளைவில்தான் முதலில் துருப்பிடிக்கிறது. அந்த இடத்தில் சூடு பட்டால் சுருங்கி ஒட்டும் ஹீட் ஷ்ரிங்க் பிளாஸ்டிக் குழாயை நுழைத்துச் சூடு காட்டினால் துருவும் வராது, அரத்தின் பல்லும் மழுங்காது.

ஸ்பேனரையும் ஸ்க்ரூ டிரைவரையும் ஒற்றைக் கொக்கிகளில் மாட்டுவது இடத்துக்குப் பிடித்த கேடு. இவற்றுக்குத் தாங்கியை நாமே செய்வது மேல். 18 மி.மீ. பிளைவுட்டில் 60 மி.மீ. அகலப் பட்டை ஒன்று எடுத்து, 40 மி.மீ.க்கு ஒரு துளையாக 10 மி.மீ. பிட்டால் துளைத்தால் ஸ்க்ரூ டிரைவர் வரிசை தயார். பிடி பருமனாக இருந்தால் இடைவெளியை 45 ஆக்குங்கள். 6-7 முதல் 20-22 வரையுள்ள எட்டு ஸ்பேனர்களுக்கு, பட்டையின் விளிம்பில் ஒவ்வொரு ஸ்பேனரின் கழுத்து அளவுக்கும் ரம்பத்தால் சற்றுச் சாய்வாக வெட்டுப் போடுங்கள். நேராக வெட்டினால் வழுக்கி விழும்.

இந்தத் தாங்கிகளைப் பலகையில் இறுக்கப் பின்பக்கம் கை போகாது என்பதைப் பலகையை மாட்டும் முன்பே யோசித்துவிட வேண்டும். 6 மி.மீ. கனம், 40 மி.மீ. நீளமுள்ள போல்ட்களைப் பெரிய வாஷரோடு பின்னாலிருந்து செருகி, முன்னால் நட் போட்டு இறுக்கி, ஆறு எட்டு இடங்களில் நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள். அதன்பின் எந்தத் தாங்கியையும் வாஷரும் பட்டர்ஃபிளை நட்டும் போட்டு, கையாலேயே மாட்டலாம், கழற்றலாம். ஆயத்தக் கொக்கி எதுவும் இவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

கூட வரும் பிளாஸ்டிக் பெட்டிகள் பென்சில், இன்ச் டேப் வைக்க ஆகும். ஆணி நிரப்பினால் முன்னால் சாய்ந்துவிடும். ஆணிக்கும் வாஷருக்கும், மேலே உள்ள தட்டின் அடியில் பாட்டில் மூடிகளைத் திருகி, பாட்டிலைச் சுழற்றி மாட்டும் பழைய வழியை மிஞ்ச எதுவும் இல்லை. ஒவ்வொரு மூடிக்கும் இரண்டு திருகாணி போடுங்கள். ஒன்று மட்டும் போட்டால் பாட்டிலோடு மூடியும் சுற்றும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் போதும்.

இந்தப் பலகையில் ஏற்றக் கூடாதவையும் உண்டு. டிரில் மெஷினும் கிரைண்டரும் ஒவ்வொன்றும் 2 கிலோவுக்கு அருகில் வரும். அவற்றை அலமாரித் தட்டில் வைப்பதே சரி. வெட்டும் வட்டுகளைக் கொக்கியில் தொங்கவிடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் படுக்கைவாட்டில் அடுக்க வேண்டும், நடு வளையத்தில் அச்சிட்ட காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். உளியின் கூர்முனைக்கு உறை போடாமல் திறந்த கொக்கியில் மாட்டுவது ஆபத்து. துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவினால் அது நாளடைவில் பிசுக்காகிவிடும். கருவிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெயே போதும்.

பவர் டூல்களையும் சுவரிலேயே மாட்டியாக வேண்டும் என்றால் பெக்போர்டை விட்டுவிட்டு, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள (ஈரம் தாங்கும் மரைன் வகை) 18 மி.மீ. பிளைவுட்டில் 45 டிகிரி சாய்வாகக் கிழித்த பட்டைகளுக்குப் போங்கள். ஒன்று சுவரில், அதன்மேல் கவிழ்ந்து உட்காரும் இன்னொன்று தாங்கியின் முதுகில். சுமை ஏற ஏற அது இறுகும். நேராகக் கிழிக்க டேபிள் சா (மேசையில் பொருத்திய மின்ரம்பம்) இல்லாதவர்கள் மரக்கடையிலேயே 75 மி.மீ. பட்டைகளாகக் கிழித்து வாங்கிவிடலாம்.