யாழ்ப்பாணத்தில் ஒரு பாட்டுப் பின்னேரம்: மேல்மாடியா, தோட்டத்து டீஜேயா, தவறணையா, கொழும்பா?

நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி எழும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து நிற்கிற மச்சான்மாரும் மச்சாள்மாரும் விரதம் முடித்து, திரும்பிப் போக இன்னும் நாலைந்து நாள் இருக்கிற நேரம் அது. “ஆறுதலா இருந்து கதைக்க ஒரு இடம் சொல்லு. நல்ல பாட்டு இருக்கோணும். டீஜே இருந்தா இன்னும் நல்லம்.” இதற்கு ஒரே பதில் கிடையாது. யார் யார் போகிறீர்கள், எந்த மாதம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

நான் ஓர் இடத்தை எடைபோடுவது மூன்று விஷயங்களை வைத்து. முன்னால் இருக்கிறவர் கத்தாமலே அவர் சொல்வது என் காதில் விழ வேண்டும். கூட வருகிற பெண்கள் நிம்மதியாக இருக்க வேண்டும். பாட்டுப் போடுகிறவர் சனத்தைப் பார்த்துப் போட வேண்டும். குடிவகை, கதிரை, விளக்கு அலங்காரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து இரவு பின்னேரம் ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கெல்லாம் அடங்கிவிடும். 90களில் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. ஊரடங்கு நாட்களில் பழகிய, நேரத்துக்குக் கேற்றைப் பூட்டுகிற வழக்கம் இன்னும் முழுதாக விட்டுப்போகவில்லை. சட்டமும் அதற்குத் தோதாகவே இருக்கிறது. இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. திறந்தவெளியில் டீஜே வைக்கிற எவரும் இதை மனதில் வைத்தே நேரம் குறிப்பார்கள். அதனால் வெளிநாட்டில் செய்வதுபோல இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பதரைக்கு வெளிக்கிட்டால் கதிரை அடுக்குகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

மேல்மாடி என்றால் முதலில் நினைவுக்கு வருவது மகாத்மா காந்தி வீதியில் இருக்கிற ஜெட்விங் ஹோட்டலின் உச்சி. ஒரு பக்கம் நகரத்துக் கூரைகள், நடுநடுவே பனைகள், தள்ளிக் கடல்நீரேரி. ஆறு மணிக்கு முன்பே போய்விட வேண்டும். ஓகஸ்ட்டில் ஆறரைக்குள் சூரியன் விழுந்துவிடும். அந்த அரை மணித்தியாலத்துக்காகவே படியேறலாம். கதைப்பதற்கு இந்த நான்கில் இதுவே முதலிடம். திறந்தவெளியில் சத்தம் மோதித் திரும்பச் சுவர் இல்லை, பாட்டு மேசையைத் தொட்டுவிட்டுக் காற்றோடு போய்விடும். பெண்கள் மட்டுமாகச் சேர்ந்து போனாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, இந்த ஊரில் அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் எந்த நாளும் டீஜே இருப்பார் என்று நினைத்துப் போக வேண்டாம், இது அடிப்படையில் தங்குகிறவர்களுக்கான இடம். இன்னொன்று, வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசும். கடதாசிக் கைதுடைப்பான்கள் பறக்கும், மெழுகுதிரி நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை, மாசிப் பின்னேரங்கள்தான் மேல்மாடிக்கு உகந்தவை.

அடுத்தது ஹோட்டல் தோட்டங்களும் நீச்சல் குளத்தடிகளும். வெள்ளி, சனிகளில் அங்கங்கே டீஜே வைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் உண்மையாகவே டீஜே வேண்டும் என்றால் வழி இதுதான். எனக்கு அதிக நம்பிக்கையும் அதிக வருத்தமும் தருகிற இடமும் இதுதான்.

வருத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. இங்கே டீஜே செய்கிற பெடியன்களில் பலர் சாமத்திய வீட்டிலும் கலியாண மண்டபத்திலும் தொழில் பழகியவர்கள். மண்டபத்தில் அவர்களுடைய வேலை, சாப்பிட்டுக் களைத்து இருக்கிற சனத்தை எழுப்பி ஆட வைப்பது. அதை மிக நன்றாகச் செய்வார்கள். ஆறுதலாக இருக்க வந்த சனத்துக்கு வேண்டியதோ அதன் எதிர்ப்பக்கம். முதல் ஒரு மணித்தியாலம் நிமிடத்துக்கு 100 முதல் 115 தாள அடி வரையான நடையில், வாய்ப்பாட்டு குறைந்த, பேஸ் மெல்லியதான இசையைப் போட்டு, சனம் தங்கள் கதையைத் தொடங்க விட வேண்டும். பிறகு ஒவ்வொரு பாட்டாக நடையைக் கூட்டி, ஒன்பதுக்குக் கிட்ட 125ஐத் தொட்டால் போதும், ஆட விரும்புகிறவர்கள் தாங்களாகவே எழும்புவார்கள். ஏழு மணிக்கே குத்துப் பாட்டைப் போட்டால் அதற்குப் பிறகு ஏற இடமில்லை, சத்தத்தைக் கூட்டுவது மட்டும்தான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் போன தோட்டத்தில் நடந்தது அதுதான். ஸ்பீக்கரை எங்கள் மேசைக்கு நேரே திருப்பி வைத்திருந்தார்கள். பியர் கொண்டுவந்த தம்பி ஓடரை எடுக்க என் தோளுக்கு மேலே குனிந்து, காதோடு காதாகக் கேட்க வேண்டியிருந்தது. கணவாய் கேட்டோம், கோழி வந்தது. சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். கை நீட்டுகிற தூரத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தித்தான் கதைக்க முடிகிறது என்றால் சத்தம் 85ஐத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். கேளிக்கை இடங்களில் சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஒரு வரையறை வெளியிட்டது. அந்த 100 ஆட்டக் களத்துக்கான உச்சம், மேசைக்கு அல்ல.

நம்பிக்கைக்கும் காரணம் உண்டு. வேறோர் இடத்தில் வேறொரு பெடியன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையில் பாட்டுகளைக் கலக்கிற சின்னக் கொன்ட்ரோலர், பக்கத்தில் ஒரு லப்டொப். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றக் காதால் மேசைகளைக் கேட்டுக்கொண்டிருந்தான். 80களின் தமிழ்ச் சினிமாப் பாட்டொன்றின் வயலின் துண்டை மட்டும் எடுத்து, அதன் கீழே ஹவுஸ் என்கிற நடன இசையின் மெல்லிய தாளத்தை ஓட விட்டான். எங்கள் மேசையில் ஐம்பதைத் தாண்டிய என் சித்தப்பா கதையை நிறுத்தித் தலையைத் திருப்பினார், சிரித்தார், பிறகு விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். பாருக்கு வேண்டிய டீஜே என்றால் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். அப்படிப்பட்டவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஹோட்டல்கள் அவர்களுக்கு முழு மாலையையும் கொடுத்து, “சத்தத்தைக் கூட்டு” என்று ஆள் அனுப்பாமல் இருந்தால் போதும்.

தோட்டத்துக்குப் போகிறவர்கள் முதலே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்: டீஜே உள்ளேயா வெளியேயா, எத்தனை மணிக்கு? உள்ளே என்றால் எச்சரிக்கை. தரையில் மாபிள், சுவரில் கண்ணாடி, மேலே கொங்கிறீற் என்றால் எவ்வளவு நல்ல டீஜேயும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது, ஒவ்வொரு அடியும் இரண்டு மூன்று முறை திரும்பி வரும். போய்ச் சேர்ந்ததும் ஸ்பீக்கர் முகத்துக்குப் பக்கவாட்டில், சுவரிலிருந்து தள்ளி ஒரு மேசை கேளுங்கள்.

மூன்றாவது கள்ளுத் தவறணை. டீஜே இல்லை, யாரோ ஒருவருடைய போனில் பழைய பாட்டு. ஆனால் கதைக்க இதுவும் நல்ல இடம்தான், குடிக்கிற பொருளும் மற்ற மூன்றையும்விட நேர்மையானது. காலையில் இறக்கிய பனங்கள்ளை முற்பகலிலேயே பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடித்தால் இனிப்பும் மெல்லிய புளிப்பும் சேர்ந்து நிற்கும். பின்னேரத்துக்குள் புளித்துக் கடுமையாகிவிடும், அதனால் இரவு எட்டு மணிக்குத் தவறணை தேடுவதில் பிரயோசனம் இல்லை. பனங்கள்ளு வருடத்தின் முதற்பாதிக்குரியது. ஓகஸ்ட்டில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் தென்னங்கள்ளுதான்.

தவறணையின் பெரிய குறை, அது ஆண்களின் இடமாகவே இருப்பது. பழக்கம் மட்டும் இல்லை, சட்டமும் அப்படித்தான். தவறணைகளில் பெண்களுக்கு மதுபானம் விற்பதற்கு 1979ஆம் ஆண்டிலிருந்து தடை இருக்கிறது. 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை மீளப்பெறச் சொன்னார். என் மச்சாள் கேட்டாள்: “நான் உழைக்கிற காசுக்கு ஒரு பிளா கள்ளு வாங்கினா நாட்டுக்கு என்ன வந்திடும்?” என்னிடம் பதில் இல்லை. கலந்து போகிற கூட்டம் என்றால் தவறணையை விட்டுவிடுங்கள்.

கொழும்பை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டுமா என்று யோசித்தேன். ஏறத்தாழ 400 கிலோமீற்றர், பஸ்ஸோ ரயிலோ ஒரு முழு இரவு அல்லது ஒரு முழுப் பகல். டீஜே இசைக்காகவே போகிறவர்களுக்கு அது வீண் இல்லை. சினமன் ரெட் ஹோட்டலின் 26ஆம் மாடியில் இருக்கிற கிளவுட் ரெட் போன்ற உயரத்து பார்களில் நகரமே காலடியில் கிடக்கும். கோட்டையில் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தை 2011இல் உணவகங்களும் கடைகளுமாகத் திறந்தார்கள், அந்த முற்றத்தில் பின்னேரம் முழுக்க இருந்து கதைக்கலாம். ஒரு இடம் பிடிக்காவிட்டால் ஓட்டோ பிடித்துப் பத்து நிமிடத்தில் இன்னொன்றுக்குப் போகலாம் என்பதுதான் கொழும்பின் பலம். எப்படியும் விமானம் ஏறக் கட்டுநாயக்காவுக்குப் போகிறவர்கள் ஒருநாள் முன்னதாகப் போய் இதைச் செய்துகொள்ளலாம். இதற்காகவே யாழ்ப்பாணத்திலிருந்து போய்வரச் சொல்ல மாட்டேன்.

குடிக்காதவர்களும் பிள்ளைகளும் கூட வந்தால் பேசாமல் நல்லூரடியில் ரியோ ஐஸ்கிறீம், அப்புறம் பண்ணைக் கடற்கரையில் காற்று. பாட்டுக்கு டீஜே இல்லை, அவ்வளவுதான்.

காசு விஷயத்தில் ஒன்று. ஹோட்டல்களில் மெனுவில் போட்டிருக்கிற விலை கடைசி விலை என்று நினைக்காதீர்கள். சேவைக் கட்டணம் வழக்கமாக 10%, 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18%. இவை விலைக்குள் அடங்குமா என்று முதலே கேளுங்கள். பத்துப் பேர் போகிற மேசையில் இந்த வித்தியாசம் இன்னொரு நண்டுக் கறிக்குப் போதும். பௌர்ணமிப் போயா நாளில் நாடு முழுவதும் மதுபான விற்பனை இல்லை, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்த நாளும் இல்லை.

என் தெரிவு: தை முதல் பங்குனி வரை என்றால் மேல்மாடி, மறுபேச்சே இல்லை. சோளக காலத்தில் வெளித்தோட்டம், ஆனால் டீஜே யார் என்று விசாரித்த பிறகு. பழைய கூட்டாளிகள் இரண்டு மூன்று பேர் மட்டும், காலமும் பனங்கள்ளுக் காலம் என்றால், முற்பகலிலேயே தவறணை. எங்கே போனாலும் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிடுங்கள். ஒன்பதரைக்குப் பிறகு வீதியில் ஓட்டோ குறைவு, அதனால் கொண்டுபோய் விடுகிற ஓட்டோக்கார அண்ணையிடமே திரும்ப வருகிற நேரத்தையும் கூலியையும் பேசி, நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.