பழ ஈ டப்பா: 140 ரூபாய்க்குப் பாதி வைத்தியம்

கோபிப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்புறப் பொடக்காளியில் அரசாணிக்கொடி போடுவது இது மூன்றாவது வருடம். மற்ற ஊர்க்காரர்கள் பரங்கி என்றோ மஞ்சள் பூசணி என்றோ வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் பிடித்த 11 பிஞ்சும் எலுமிச்சை அளவுக்கு வந்து, மஞ்சளாகி, கொழகொழவென்று அழுகி விழுந்தன. தண்ணீரைக் குறைத்தேன். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா திருஷ்டி என்றார். திருஷ்டிக்கு உடைப்பதே பூசணியை, அதன் பங்காளிக்கே திருஷ்டியா!

கடைசியில் ஒரு பிஞ்சைக் கீறிப் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் புழுக்கள். சிமெண்ட் தரையில் உதறினால் ஒன்று உடம்பை வளைத்து டப்பென்று குதித்தது. மேல்தோலில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அதன்மேல் கடுகளவு பிசின். பழ ஈயின் வேலை. தோலைத் துளைத்து முட்டை வைத்துவிடும், புழு தின்னத் தின்ன அழுகலும் சேர்ந்துகொள்ளும்.

சரி, பொறி வைக்கலாம் என்று போனால், முதல் கடையில் கொடுத்தது மாமரத்து ஈக்கானது. மூன்று வாரம் சும்மா தொங்கியது. ஈயை இழுக்கிற மருந்து ஊறின கவர்ச்சிக் கட்டையில் இரண்டு ரகம் உண்டு: மாமரத்துக்கு மீத்தைல் யூஜினால், பாகல், புடலை, அரசாணி போன்ற கொடிகளுக்குக் கியூ லூர். இரண்டாவது கடைக்காரர்தான், "மாமரத்துக்குங்களா, கொடிக்குங்களா?" என்று கேட்டுக் கொடுத்தார். டப்பாவும் கட்டையும் சேர்த்து 140 ரூபாய்.

மஞ்சள் மூடி, கண்ணாடி மாதிரி அடிப்பாகம், பக்கவாட்டில் ஓட்டைகள், உள்ளே மருந்தில் ஊறின ஒரு துண்டுப் பலகை. இடுப்பு உயரக் குச்சியில் தொங்கவிட்டேன். சாயங்காலத்துக்குள் ஆறு ஈ. ஒரு வாரத்துக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். குறை என்றால், சாரல் அடித்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது, கம்பி ஒரே மழைக்குத் துருப்பிடித்துவிட்டது.

ஆனால் பெரிய சங்கதியை எந்தக் கடையிலும் சொல்லவில்லை. இதில் விழுவது ஆண் ஈ மட்டும். முட்டை வைக்கிற பெண் ஈ டப்பாவை எட்டிக்கூடப் பார்க்காது. அதற்குக் கருவாட்டுத் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வைக்கலாம், பெண் ஈயும் வரும். எங்கள் வீட்டில் பூனைதான் முதலில் வந்தது.

அதனால் பூ வாடிய மறுநாளே பிஞ்சுக்குப் பழைய வேட்டித்துணியில் தளர்வாகப் பை கட்டினேன். காய் பெருத்ததும் ஈர மண்ணில் படாமல் அடியில் ஓட்டுத்துண்டு. அழுகினதை உரக்குழியில் போடவே கூடாது. புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகத்தான் வெளியே வரும். நான் கேரிபேக்கில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போட்டுவிடுகிறேன்.

இந்த வருடம் ஒன்பது பிஞ்சு. இரண்டு மகரந்தம் சேராமல் சூம்பி விழுந்தன, அது ஈயின் குற்றமில்லை. காலை எட்டு மணிக்குள் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவியிருக்க வேண்டும், நான் தூங்கிவிட்டேன். ஆறு காய் தேறின. மிச்சம் ஒன்றுக்குப் பை கட்ட மறந்துபோனேன். டப்பாவிலிருந்து இரண்டே எட்டில் இருந்த காய் அது. கீறிப் பார்த்தால் உள்ளே அதே குதிக்கிற புழு.