ட்ரிப் ஸ்விட்ச் விழாமல் இருக்கிறதென்று நிம்மதியாக இருந்தோம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்குப் போன வருடம் புதிதாக வயரிங் செய்தோம். தெரிந்தவர்கள் சொன்ன ஒரு வயரிங் பாஸ்தான், அதாவது வயரிங் வேலைக்காரர்தான், செய்தார். பொயின்ட் கணக்கில் பேசி, பாதி முன்பணமும் மீதியை வேலை முடித்த அன்றும் கொடுத்தோம். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. செய்ததை மட்டும் எழுதுகிறேன், இதே வேலை இன்னும் எத்தனை வீட்டுச் சுவருக்குள் இருக்கிறதோ என்ற பயத்தில்.

ஒரு கிழமைக்குள் ட்ரிப் ஸ்விட்ச், அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து வீட்டு மின்சாரத்தை நிறுத்துகிற ஸ்விட்ச், விழத் தொடங்கியது. மழை பெய்தால் விழும். யாராவது குளித்துவிட்டு வந்தால் விழும். கூப்பிட்டோம், வந்தார். ஸ்விட்சுகளும் பிரேக்கர்களும் உள்ள டிபி போர்டைத் திறந்து பத்து நிமிடம் ஏதோ செய்தார். "ஸ்விட்ச்தான் பிழை அன்ட்டி, இனி விழாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே விழவில்லை. நல்ல பாஸ் என்று நாங்களே இரண்டு வீட்டுக்கு அவரைக் காட்டிவிட்டோம். அதுதான் இப்போது அதிகம் உறுத்துகிறது.

நாலு மாதம் கழித்து, ஈரக் கையோடு வோஷிங் மெஷினைத் தொட்ட அம்மாவுக்குக் கரண்ட் அடித்தது. காலில் இறப்பர் செருப்பு இருந்தது. கை உதறிக்கொண்டது. அம்மாவுக்கு 68 வயது.

அப்புறம் வேறொருவரைக் கூப்பிட்டோம், என்விகியூ என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளவர். வந்ததும் அவர் எதையும் கழற்றவில்லை. ட்ரிப் ஸ்விட்சில் உள்ள 'டி' (டெஸ்ட்) பொத்தானை அழுத்தினார். ஸ்விட்ச் டக்கென்று விழுந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. விளக்கும் அணையவில்லை. பழைய பாஸ் மெயின் ஸ்விட்சிலிருந்து வரும் கம்பியை ட்ரிப் ஸ்விட்சைத் தாண்டி நேரே, அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் விழுகிற பிரேக்கர்களுக்குக் கொடுத்திருந்தார். ஸ்விட்ச் வெறும் அலங்காரமாக நின்றது.

பிரேக்கர் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டேன். அவர் சொன்ன கணக்கை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற வீட்டு ஏர்த் ரொட்டின் தடை 100 ஓம் என்றால், 230 வோல்ட்டில் அதன் வழியே போவது 2.3 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, விழாது. பிரேக்கர் கம்பியைக் காப்பாற்றுவதற்கு. ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற ட்ரிப் ஸ்விட்ச்.

எங்கள் ஏர்த் அதைவிட மோசம். பில்லில் நாலடி ரொட். மண்ணைத் தோண்டினால் ஓரடித் துண்டு. கசிவு சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள சுவரில். சுவருக்குள்ளேயே கம்பிகளை முறுக்கி, டேப் சுற்றி, மேலே பூசியிருந்தார். ஈரம் ஏறியதும் கரண்ட் வரும் லைவ் கம்பியிலிருந்து ஏர்த் கம்பிக்குக் கரண்ட் கசிந்திருக்கிறது. ஏர்த் மண்ணுக்குள் ஒழுங்காக இறங்காததால் அந்தக் கம்பி வழியாகவே வோஷிங் மெஷின் உடம்புக்கு வந்துவிட்டது. ட்ரிப் ஸ்விட்ச் விழுந்து விழுந்து சொன்னது இதைத்தான். அதன் வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னொன்று. பிளக் பொயின்டுகளுக்கு 7/0.67 கம்பி என்று பேசியிருந்தோம், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர். சமையலறையில் இருந்தது 1/1.13, விளக்குக்குப் போடுகிற 1 சதுர மில்லிமீற்றர் கம்பி. அதைப் 20 ஆம்பியர் பிரேக்கரில் மாட்டியிருந்தார். கேத்தலும் ரைஸ் குக்கரும் ஓவனும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழுவதற்கு முன்பே கம்பி சூடாகிவிடும். கம்பிச் சுருளின் உறையில் அளவு அச்சிட்டிருக்கும், பூசுவதற்கு முன்பு போனில் படம் எடுத்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம்.

மீற்றருக்குப் பிறகு உள்ள வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு, மின்சாரம் தருபவர்கள் அதற்கு வரமாட்டார்கள். பழைய பாஸ் இப்போது போன் எடுப்பதில்லை.

நாங்கள் காட்டிவிட்ட இரண்டு வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் பொத்தானை அழுத்தியதும் வீடே இருண்டது, சரியாக இருக்கிறது. மற்ற வீட்டில் விளக்கு அணையவில்லை. அங்கே ஒரு கைக்குழந்தை இருக்கிறது. மெயின் ஸ்விட்சை அப்போதே நிறுத்திவிட்டு, புதியவரை அன்று பின்னேரமே வரச் சொன்னோம்.