ஊருணிக்கரைப் பாதை: இரண்டு வருஷம் ஓட்டிய பிறகு

தேவகோட்டை நண்பர் போன வாரம் போனில் கேட்டார். "அண்ணே, எங்க ஊருணியச் சுத்தியும் நடைபாதை, சைக்கிள் பாதையெல்லாம் போடப் போறாகளாம். நீங்கதான் தினம் ஓட்டுறீகளே, எப்படி இருக்கு?" நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பார்த்து வலது கை விரல் முட்டியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, அதனால் அரை மணி நேரம் பேசிவிட்டேன். பேசியதில் பாதி இது.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்தான், பேர் வேண்டாம். இரண்டு பெரிய வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து, சந்து முடிகிற இடத்தில் ஊருணி, அதைச் சுற்றி எட்டடி அகலத்துக்குப் பேவர் பிளாக். மோட்டார் வண்டி கூடாது என்று போர்டு. காலையில் பாலுக்கும் சாயங்காலம் காய் வாங்கவும் நான் அந்த வழிதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். அந்தச் சந்து இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. நம் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாகக் கிழக்கு மேற்கில் நீண்டு கிடப்பதால் சந்தும் அப்படியே கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும், தெற்குச் சுவரின் நிழல் உச்சிவேளையிலும் தரையில் கிடக்கும். சித்திரையில் சூரியன் தலைக்கு நேரே வந்துவிடும், அப்போது சுவர் கைகொடுக்காது. மற்றபடி பகல் பன்னிரண்டு மணிக்குச் சைக்கிளில் போய் வியர்க்காமல் வீடு சேரலாம் என்பதை நான் இந்த வயதில்தான் கண்டுபிடித்தேன். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, வீடு கட்டியவர்கள் விட்டுப்போன இடைவெளி, அவ்வளவுதான். முன்பு இருட்டினால் பெண்கள் அந்தச் சந்தில் போகமாட்டார்கள், ஜன்னலே இல்லாத நீளச் சுவர். இப்போது விளக்கு இருக்கிறது, போகிறார்கள்.

சரி, விரலுக்கு வருவோம். சந்து வாயில் இரும்புக் குழாயில் குறுக்கும் மறுக்குமாக இரண்டு தடுப்பு வைத்திருக்கிறார்கள், வளைந்து நெளிந்துதான் நுழைய வேண்டும். பைக் நுழையக்கூடாதாம். அளவு நாடா எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். இரண்டு தடுப்புக்கும் நடுவே மூன்றரை அடி. என் சைக்கிள் ஆறடி நீளம். மூன்றரை அடிக்குள் ஆறடியை எப்படித் திருப்புவது? இறங்கி, பின் சக்கரத்தைத் தூக்கி, பக்கவாட்டில் நகர்த்தி, அதற்குள் ஹேண்டில் குழாயில் முட்டி விரலைத் தோலுரித்துவிடும். கேரியரில் இரண்டு பக்கமும் கேன் கட்டிய பால்காரர் ஒரே ஒரு நாள் முயற்சி செய்தார், மறுநாளிலிருந்து மெயின் ரோட்டில் பஸ்ஸோடு பஸ்ஸாகப் போகிறார். எதிர்வீட்டு ஆச்சியைச் சக்கர நாற்காலியில் ஊருணிக்குக் கூட்டிப்போகலாம் என்று ஆசையாகக் கிளம்பியவர்கள் அந்த இடத்திலேயே நின்று திரும்பி வந்தார்கள். யாருக்காகப் பாதை போட்டார்களோ அவர்களையெல்லாம் வடிகட்டிவிட்டது. பைக்காரப் பையன்கள்? படித்துறைப் பக்கம் சுற்றுச்சுவரில் ஒரு உடைப்பு இருக்கிறது, ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறார்கள்.

நாலடி விட்டு நேராகத் தூண் நட்டிருந்தால் போதும். ஆட்டோ நாலேகால் அடி, நுழையாது. சைக்கிள், நாற்காலி, பால் கேன் எல்லாம் போகும். பைக்கும் போகும்தான், ஆனால் இப்போது மட்டும் என்ன, போகாமலா இருக்கிறது?

கரைக்கு வந்தாலும் ஒரு தகராறு. மஞ்சள் கோடு போட்டு நடப்பவர்களுக்கு வெளிப்பக்கம், சைக்கிளுக்குத் தண்ணீர்ப்பக்கம் என்று பிரித்திருக்கிறார்கள். காலாற நடக்க வருகிற மனுஷன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடப்பானா, சாக்கடை மூடியையும் சுவரையும் பார்த்துக்கொண்டு நடப்பானா? எல்லாரும் தண்ணீர்ப்பக்கம்தான், அதுவும் மூன்று மூன்று பேராக. நான் மணியடித்தால் திரும்பி முறைக்கிறார்கள், நியாயமாகத்தான் முறைக்கிறார்கள். சிவில் படித்த என் மருமகன் சொல்கிறான், நடக்கிற பாதைக்கே குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் விட வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவையின் விதி இருக்கிறதாம். அதுவே ஆறடி. மிச்சம் இரண்டடியில் நான் சர்க்கஸ்தான் செய்ய வேண்டும். பேசாமல் கோட்டை அழித்துவிட்டு எல்லாரும் மெதுவாகப் போங்கள் என்று விட்டிருந்தால் நாங்களே சமாளித்திருப்போம்.

அப்புறம் மழை. நம் ஊர்த் தெருவெல்லாம் ஊருணியைப் பார்த்துத்தான் வாட்டம் வைத்தது, மழைத்தண்ணீர் அங்கே போய் நிறையத்தான். பாதையை ஒரு அடி உயர்த்திப் போட்டதில் வரத்து அடைத்துக்கொண்டது. கார்த்திகையில் சந்தில் முழங்கால் தண்ணீர், ஊருணியில் பாதிக்குமேல் படி தெரிகிறது. போன மாசம்தான் இரண்டு இடத்தில் வெட்டிக் கல் பலகை போட்டு மூடினார்கள். சைக்கிள் அதில் ஏறும்போது டடக் என்கிறது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆக இந்தப் பாதைக்கு நான் போடும் மார்க் ஐந்துக்கு ஒன்றரை. இன்றைக்குச் சாயங்காலமும் அந்த வழியாகத்தான் போனேன். செம்புரான்கல் கட்டையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, சீட்டிலிருந்து இறங்காமலே, தண்ணீர்மேல் வருகிற காற்றில் கால் மணி நேரம் நின்றேன். இருந்தாலும் ஒன்றரைதான், விரல் இன்னும் எரிகிறது.

தேவகோட்டைக்காரரிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: தடுப்புக்குக் குழி தோண்டும் அன்றைக்கு, இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிய சைக்கிளோடு போய் அங்கே நில்லுங்கள். காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால்.