கேபிள் பெட்டிக்கு வாங்கியது கேசட்டுக்கு ஆயிற்று: அப்ஸ்கேலரோடு இரண்டு வருடம்

கோபியில் எங்கள் வீட்டுக்கு 43 இன்ச் 4கே டிவி வந்த அன்று, அம்மா ஐந்து நிமிடம் சீரியல் பார்த்துவிட்டு, "பழைய டிவியே தேவலை கண்ணு, இதுல எல்லா மூஞ்சியும் கழுவாத மாதிரி இருக்குது" என்றார். தப்புச் சொல்ல முடியாது. எங்கள் கேபிள் பேக்கில் பாதிக்கு மேல் எஸ்டி, அதாவது தெளிவு குறைந்த சேனல்கள். 576 வரிப் படத்தை 2160 வரித் திரைக்கு இழுத்தால் ஒரு வரி கிட்டத்தட்ட நாலு வரியாக வேண்டும். நடுவில் இருப்பதை டிவி ஊகித்துத்தான் நிரப்பும். பழைய 21 இன்ச் டப்பாவில் அதே அழுக்கு அடங்கிக் கிடந்தது, அவ்வளவுதான்.

இதைச் சரி செய்ய முதலில் ஈரோட்டில் 600 ரூபாய்க்கு ஒரு ஏவி டு எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வாங்கினேன், பழைய மஞ்சள் ஒயர் சிக்னலை எச்டிஎம்ஐ ஆக்கித் தருவது. மேலே 1080 என்று பெரிதாக எழுதியிருந்தது. மாட்டிவிட்டுச் செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்தைப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். நம் ஊர் சிக்னலில் நொடிக்கு 50 ஃபீல்டு, அதாவது அரைப் படம், ஒவ்வொன்றிலும் பாதி வரிகள். அந்த டப்பா 60 ஆகத்தான் வெளியே விட்டது. அதற்காக அஞ்சுக்கு ஒன்றை இரண்டு தடவை காட்டியது. எழுத்து, மேட்டில் ஏறும் டவுன் பஸ் மாதிரி தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. போதாததற்கு மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருவதால், சேலை பார்டர் ஓரத்தில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள்.

அப்புறம்தான் ரெட்ரோடிங்க் 5எக்ஸ் என்ற அப்ஸ்கேலர், பழைய படத்தின் வரிகளைப் பெருக்கிப் புது டிவிக்குக் கொடுக்கும் பெட்டி. அமெரிக்காவில் இருக்கும் பங்காளி ஊருக்கு வரும்போது எடுத்து வந்தார். நான் கவனிக்காமல் போனது ஒன்று உண்டு: இதில் எச்டிஎம்ஐ வெளியே போக மட்டும்தான், உள்ளே வாங்குவது கம்போசிட் (அந்த மஞ்சள் ஒயர்), எஸ்-வீடியோ, கம்போனன்ட் மாதிரி பழைய அனலாக் வழிகளில். கேபிள் பெட்டியில் இருப்பது மஞ்சள் ஒயரும் எச்டிஎம்ஐயும். டிஜிட்டலாக நேரே டிவிக்குப் போகக்கூடியதை மஞ்சள் ஒயருக்கு இறக்கி, மறுபடி ஏற்றுவது நல்ல பாலில் தண்ணீர் ஊற்றிச் சுண்டக் காய்ச்சுகிற வேலை. ஒரு மாதம் அதையும் செய்தேன்.

சீரியலைச் சரி செய்தது காசில்லாத வேலைகள்தான். கேபிள் பெட்டியின் மெனுவில் 1080i என்றிருந்ததை 576i ஆக்கினேன். பெருக்கும் வேலையை டிவியே பார்த்துக்கொள்ளட்டும் என்று. டிவியில் ஷார்ப்னஸைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். சிக்னலை நெருக்கி அனுப்பும்போதே விழுந்துவிட்ட கட்டங்களை ஷார்ப்னஸ் இன்னும் தூக்கித்தான் காட்டும். எந்த அப்ஸ்கேலரும் அதை அழிக்காது. பழைய 4:3 நிகழ்ச்சிகளை அகலத்துக்கு இழுப்பதையும் நிறுத்தினேன், முகங்கள் பணியாரமாட்ட உப்பியிருந்தன. சோபாவை மூன்றடி பின்னால் தள்ளியது இதையெல்லாம் விடப் பெரிய மாற்றம்.

அப்படியானால் வாங்கியது வீணா? பரணில் 1994 கல்யாண கேசட் இருந்தது. விசிஆரை நேராக மாட்டினால், டேப் கொஞ்சம் தளர்ந்த இடத்தில் டிவி 'சிக்னல் இல்லை' என்று நீலத் திரை போட்டுவிடும். 5எக்ஸை நடுவில் வைத்து, படத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துச் சீராக அனுப்பும் டிரிப்பிள் பஃபரில் விட்டதும் படம் அறுபடாமல் ஓடியது. அரைப் படங்களை முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸை மோஷன் அடாப்டிவில் வைத்தால் அசையாத இடத்தில் இரண்டு பாதியும் சேர்ந்து முழு வரி கிடைக்கிறது. அசையும் இடத்தில் மட்டும் ஊகம். எங்கள் பக்கத்துக் கல்யாணச் சடங்கான இணைச்சீர் நடக்கும் இடத்தில் பெரிய அத்தை அசையாமல் நிற்கிறார், கூடையைப் பிடித்த கையில் வளையல்களை எண்ணலாம். சடங்கை நடத்தும் அருமைக்காரர் கையை வீசியதும் விரல்கள் ஒரு கணம் மங்குகின்றன. சிவப்புச் சேலை ஓரம் தாண்டிக் கசிவதும், அடியில் நடுங்கும் பட்டையும் போகவில்லை. விஹெச்எஸ் கேசட்டில் குறுக்கே 240 வரி அளவுக்குத்தான் விவரம் பதியும். இல்லாததை எந்தப் பெட்டியும் கொண்டுவராது. கேபிளுக்காக மட்டும் யாராவது கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன்.

இப்போது கேபிள் பெட்டி நேராக டிவியில். அப்ஸ்கேலர் விசிஆர் தலைமேல். சொந்தக்காரர் வீட்டுக் கேசட்டுகள் மூன்று வந்து கிடக்கின்றன. ஒன்றில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் உள்ளே விட்டால் ஹெட்டே போய்விடும், அவசரப்படாதீங்க என்று சொல்லி வைத்திருக்கிறேன்.