சிபேப் உதிரிப் பொருள்: கடையிலா, ஆன்லைனிலா?

பினாங்கில் சிபேப் (தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் மெஷின்) போட்டுத் தூங்குகிற நம்மவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது.

விலை: ஃபில்டர், சாதாரண குழாய் என்றால் ஷாப்பீ, லஸாடா போன்ற ஆன்லைன் தளங்களில்தான் பெரும்பாலும் மலிவு. கடையில் கூடுதல்தான்.

பொருத்தம்: இதில் நல்ல கடைக்கு ஈடில்லை. மாஸ்க்கை மாட்டி, மெஷினை ஓடவிட்டு, படுத்துப் பார்க்கச் சொல்வார்கள். மூக்குத்தண்டுப் பக்கம் காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும், படத்தைப் பார்த்துத் தெரியாது. ஆன்லைன் என்றால் மாடலை நீங்களேதான் சரிபார்க்க வேண்டும்: ஏர்சென்ஸ் 10 மெஷினின் ஃபில்டர் ஏர்சென்ஸ் 11-க்குச் சேராது, சூடாகும் குழாயும் அப்படித்தான். சாதாரண 22 மிமீ குழாய் பெரும்பாலான மெஷின்களுக்குப் பொருந்தும்.

எவ்வளவு நாள் உழைக்கும்: மாஸ்க்கில் முகத்தைத் தொடும் சிலிக்கோன் குஷன் முகத்து எண்ணெய் பட்டு எப்படியும் தளரும், தினமும் மிதமான சோப்பு நீரில் கழுவினால் கொஞ்சம் தாங்கும். ஆனால் ஆன்லைனில் நகலும் கலந்து வருகிறது, அதனால் மலேசிய மருத்துவச் சாதன ஆணையத்தின் பதிவு எண் உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள், பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

சிகிச்சையைப் புதிதாகத் தொடங்கியவர்கள், மாஸ்க் வகையை மாற்றுபவர்கள், உடல் எடை ஏறி இறங்கியவர்கள் தயவுசெய்து கடைக்கே போங்கள். அளவும் மாடலும் கைவசம் இருக்கிறது, ஃபில்டர் மட்டும்தான் வேண்டும் என்றால் ஆன்லைனே போதும்.