பிந்தினவன் தலையில்தான் விடியும்: மெர்ஜ் கியூவோடு 14 மாதம்

கொழிஞ்சாம்பாறையில் நாலு பேரை வைத்து மென்பொருள் வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "ஏங்கண்ணா, நீங்க மெர்ஜ் கியூ போட்டு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சில்லீங்க, நாங்களும் போட்டுக்கலாமுங்களா?" வாட்ஸாப்பில் ரெண்டு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முடியவில்லை. அதனால் இங்கே. மெர்ஜ் கியூ என்றால், ஆளாளுக்கு எழுதிய கோடை வரிசையில் நிறுத்தி, சோதித்து, பொதுக் கோடில் சேர்க்கும் கருவி.

கிட் (கோடில் யார் என்ன மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கருவி), பி.ஆர். (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள்), டெஸ்ட் (கோட் சரியா என்று தானாகப் பார்க்கும் சோதனை) இதெல்லாம் கொஞ்சம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் கியூ எந்தத் தளத்துடையது என்று சொல்லப் போவதில்லை. நான் திட்டப் போகிற குணம் கியூ என்று பெயர் வைத்த எல்லாவற்றுக்கும் பிறவிக் குணம்.

செங்கோட்டை பிரானூர் பார்டர் பக்கம் கீழே மரக்கடை, மேலே நாங்கள். மொத்தம் 11 பேர், அதில் நாலு பேர் மலைக்கு அந்தப் பக்கம், புனலூரிலிருந்து வேலை பார்க்கிறவர்கள். மரக்கடைகளுக்கும் அறுவை மில்களுக்கும் பில் போடும் மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு. தடி அளவு, கன அடி, விலை, லாரி நம்பர், ஜி.எஸ்.டி., இ-வே பில் (சரக்கு லாரிக்கான ஆன்லைன் சீட்டு). ரம்பச் சத்தம் நின்றால்தான் மீட்டிங் நடக்கும்.

கியூ வருவதற்கு முன்னால் நடந்த ஒரு கூத்தைச் சொன்னால்தான் இது எதற்கு என்று புரியும். ஒருவர் தடியின் கன அளவைக் கணக்கிடும் ஃபங்ஷனை, அதாவது அந்தக் கணக்கைப் போடும் கோட் துண்டை, கன அடியிலிருந்து கன மீட்டருக்கு மாற்றினார். பழைய கோடில் அதைக் கூப்பிட்ட, அதாவது பயன்படுத்திய, இடங்களையெல்லாம் ஒழுங்காகத் தேடித் திருத்தினார். டெஸ்ட் பச்சை, அதாவது தேறியது. அதே நாள் இன்னொருவர் புதிதாக ஒரு சீட்டு அச்சடிக்கும் பக்கம் எழுதி, அதே ஃபங்ஷனைக் கன அடி என்று நம்பிக் கூப்பிட்டிருந்தார். அவருக்கும் பச்சை. இருவரும் தொட்டது வேறு வேறு ஃபைல், அதனால் கிட்டுக்கு எந்தக் கான்ஃப்ளிக்டும் (மோதலும்) தெரியவில்லை. இரண்டையும் மெயினில், அதாவது எல்லோருக்கும் பொதுவான கோடில், மெர்ஜ் செய்தோம் (சேர்த்தோம்). மெயினில் டெஸ்ட் சிவப்பானது, யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் எங்கள் ஸ்கிரிப்ட் வழக்கம்போல மெயினை எடுத்துக் கடைகளுக்கு அனுப்பிவிட்டது.

மறுநாள் காலை ஒரு கடையில் 40 கன அடி தேக்கு, கன அடி 2,000 ரூபாய். 80,000 வர வேண்டிய இடத்தில் 2,260 என்று சீட்டு வந்தது. 40 கன அடி என்பது 1.13 கன மீட்டர், அதை 2,000-ஆல் பெருக்கினால் அதுதானே வரும்! பில் தொகை 50,000-ஐத் தாண்டினால்தான் எங்கள் மென்பொருள் இ-வே பில் எண்ணைக் கேட்கும். 2,260-க்குக் கேட்குமா? லாரி புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போக வேண்டியது. நல்லவேளை, கடைக்காரர் சீட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "தம்பி, இந்த வெலைக்கு எனக்கே ரெண்டு லோடு போடுங்க" என்று போனில் சொன்னார். சிரித்தது அவர். எங்களுக்கு வயிறு கலங்கியது.

மெர்ஜ் கியூ இதற்குத்தான் மருந்து. உங்கள் பி.ஆர். தனியாகப் பச்சையா என்று பார்ப்பதோடு அது நிற்பதில்லை. இப்போதைய மெயின், உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர்களின் மாற்றம், உங்கள் மாற்றம், மூன்றையும் ஒரு தற்காலிக பிராஞ்சில் (கோடின் தனிப் பிரதியில்) சேர்த்து, அதன்மேல் டெஸ்ட் ஓட்டும். அது பச்சையானால்தான் மெயினுக்குள் போகும். ரஸ்ட் என்ற நிரல் மொழியை உருவாக்கிய கிரேடன் ஹோர், டெஸ்ட் எல்லாம் தேறுகிற கோடை மட்டுமே மெயினில் எப்போதும் வைத்திருப்பது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை என்கிற பொருளில் 2014-இல் எழுதினார். அவர்கள் அதற்காக வைத்திருந்த தானியங்கி நிரலின் பெயர் போர்ஸ். கோடை வைத்துக்கொள்ளும் தளமான கிட்லாப் 2019-இல் இதையே மெர்ஜ் டிரெயின் என்று கொண்டுவந்தது. இன்னொரு தளமான கிட்ஹப் 2023-இல் சோதனைக் கட்டத்தை முடித்து வெளியிட்டது. டிரெயின் என்ற பெயர் எங்கள் ஊருக்குப் பொருத்தம். செங்கோட்டை–புனலூர் ஒற்றைத் தடத்தில் எதிரே வண்டி வந்தால் நம் வண்டி ஸ்டேஷனில் நிற்கத்தான் வேண்டும், யாரும் கோபிப்பதில்லை. கோடில் மட்டும் எல்லோருக்கும் அவசரம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எனக்கு மனசு வராது. எங்கள் டெஸ்ட் ஓட 18 நிமிடம். முன்பெல்லாம் மெயினோடு ஒத்துப்போன பிராஞ்சை மட்டுமே மெர்ஜ் செய்யலாம் என்று விதி வைத்திருந்தோம். நீங்கள் புதுப்பித்து 18 நிமிடம் காத்திருப்பதற்குள் வேறொருவர் மெர்ஜ் செய்துவிடுவார். மறுபடி புதுப்பி, மறுபடி 18. ஒருநாள் நான் நாலு தடவை புதுப்பித்தேன். 72 நிமிடம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், கடைசி பஸ்ஸும் போய்விட்டது. இப்போது ஆறரைக்கு வரிசையில் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். பரோட்டாக் கடையில் சால்னா ஊற்றிக்கொண்டிருக்கும்போது பையில் போன் அதிரும்: மெர்ஜ் ஆனது. அந்த அதிர்வுக்கு மட்டும் தனியாகக் காசு கொடுக்கலாம். 14 மாதத்தில் மெயின் உடைந்து கடைக்குப் போனது ஒரு தடவைகூட இல்லை. இது பெரிய விஷயம், மறுக்கவில்லை.

சரி, இப்போது புலம்பல்.

வரிசைக்குத் தெரிந்த நியாயம் ஒன்றே ஒன்று: முந்தினவன் யோக்கியன், பிந்தினவன் குற்றவாளி. அந்தக் கன அடி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கியூ இருந்திருந்தால் கன மீட்டர் பி.ஆர். முதலில் உள்ளே போயிருக்கும். சீட்டுப் பக்கம் எழுதியவரை வெளியே தள்ளியிருக்கும். உலகத்தின் அடியில் இருந்த தரையை மாற்றியவர் நிம்மதியாக டீ குடிப்பார். அந்தத் தரையில் நின்றவர் பதில் சொல்ல வேண்டும்.

இது கற்பனை இல்லை. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, மூன்று வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு நிலைக்கும் டெஸ்ட் வைத்து, அழகாக ஒரு பி.ஆர். எழுதினாள். காலை 10.20-க்கு வரிசையில் போட்டாள். 10.05-க்கு சீனியர் ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றி இரண்டே ஃபைல் திருத்தம் போட்டிருந்தார். அவருடையது போனது. இவளுக்கு மெயில் வந்தது: வரிசையிலிருந்து நீக்கப்பட்டது, டெஸ்ட் தோல்வி. அவ்வளவுதான். யாருடைய மாற்றத்தோடு சேர்ந்ததால் தோற்றது என்று ஒரு வார்த்தை கிடையாது. தோற்றது அவள் எழுதிய டெஸ்ட், அதனால் அவள் தன் கோடையே மத்தியானம் வரை தோண்டினாள். திருத்திப் போட்டாள். மறுநாள் வேறொருவரின் மாற்றத்தால் மறுபடி வெளியே. அதற்கடுத்த நாளும். "நான் என்ன தப்பு பண்ணேன்ணே?" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையில் அவள் செய்த ஒரே தப்பு கவனமாக, பெரிதாக எழுதியது. பொடிப்பொடியாக அவசரமாகப் போடுகிறவனுக்கு இந்த வரிசை ராஜபாட்டை.

கடைசியில் இதைத் தீர்த்தது கருவி இல்லை, நாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. பலரும் கூப்பிடுகிற ஃபங்ஷனை மாற்றுகிறவர் பழையதை உடனே அழிக்கக் கூடாது. புதியதைப் பக்கத்தில் வேறு பெயரில் வைத்து, ஒரு வாரம் இரண்டும் இருக்கட்டும், எல்லோரும் மாறிய பிறகு பழையதைத் தூக்கலாம். இதைச் செய்ய மெர்ஜ் கியூவே தேவையில்லை என்பது தனி வேடிக்கை.

அடுத்தது, எங்கள் மானத்தை வாங்கிய ராத்திரிக் கதை. கியூ வந்தபிறகு ஆட்கள் தூங்கப் போகுமுன் பி.ஆரைப் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். காலையில் பார்த்தால் சில பி.ஆர். வெளியே கிடக்கும். பகலில் மறுபடி போட்டால் ஒழுங்காகப் போய்விடும். "அது சொதப்பல் டெஸ்ட், திரும்பப் போட்டாப் போயிரும்" என்று நாலு மாதம் ஓட்டினோம். ஆடிச் சாரலில் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது, தூக்கம் வரவில்லை, போனில் கியூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 11.50-க்கு ஆரம்பித்த ஓட்டம் 12.06-க்குத் தோற்றது. தோற்ற டெஸ்ட் பில் தேதியைச் சரிபார்ப்பது. எதிர்பார்த்தது நேற்று, கிடைத்தது இன்று.

அப்போதுதான் உறைத்தது. டெஸ்ட் ஓடும் இயந்திரத்தின் கடிகாரம் யு.டி.சி. (உலகப் பொது நேரம்), நம் பில் இந்திய நேரம். இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர இடைவெளி. நமக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை யு.டி.சி.யில் இன்னும் முந்தைய தேதிதான் ஓடிக்கொண்டிருக்கும். பகலில் இரண்டு தேதியும் ஒன்றாக இருப்பதால் டெஸ்ட் தேறிவிடும். ராத்திரியில் யாரும் மெர்ஜ் செய்யாத காலத்தில் இந்த ஓட்டை இருந்ததே தெரியாது. திருத்தியது ஒரே வரி. நாலு மாதம் எத்தனை பேர் எத்தனை தடவை "திரும்பப் போடு" அழுத்தினோம் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதில் கியூவின் குற்றம் எதுவும் இல்லை, ஒளிந்திருந்ததை வெளியே இழுத்ததற்கு நன்றிதான் சொல்ல வேண்டும். ஆனாலும் ராத்திரி 12.06-க்கு யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றாது.

சொதப்பல் டெஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நூறு ஓட்டத்தில் இரண்டு காரணமில்லாமல் தோற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனி பி.ஆருக்கு அது பெரிதாகத் தெரியாது. வரிசையில் ஐந்து பேர் நின்றால், ஐந்தும் தடங்கலில்லாமல் போக வாய்ப்பு சுமார் 90 சதவீதம்தான், பத்துக்கு ஒரு தடவை எங்கோ முறியும். கியூ ஐந்தையும் ஒரே நேரத்தில் ஓட்டும்: முதலாவது, முதல் இரண்டு, முதல் மூன்று என்று அடுக்கடுக்காக. முதலாவது 17-ஆவது நிமிடத்தில் விழுந்தால் பின்னால் உள்ள நாலும் அது இல்லாமல் முதலிலிருந்து ஓட வேண்டும். 68 நிமிட இயந்திர நேரம் குப்பைக்கு. அந்த நிமிடங்களுக்கு மாதக் கடைசியில் பில் வரும், அதில் கன அடிக் குழப்பமெல்லாம் இருக்காது. "அவசரம், முன்னால் போடு" என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தினாலும் இதே கதைதான், ஓடிக்கொண்டிருந்தவை எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அந்த உரிமையை மேனேஜரிடமிருந்து பிடுங்கி இரண்டு பேரிடம் மட்டும் வைத்திருக்கிறோம்.

முதல் நாள் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பி.ஆர். திறந்தால் டெஸ்ட் ஓடும்படி அமைத்திருந்தேன், கியூவின் தற்காலிக பிராஞ்சுக்கும் ஓட வேண்டும் என்று அமைக்க மறந்துவிட்டேன். கட்டாய டெஸ்ட் வரும் வரும் என்று கியூ காத்திருந்தது, டெஸ்ட் ஆரம்பிக்கவே இல்லை. 60 நிமிடம் கழித்து எல்லோரையும் வரிசையாக வெளியே தள்ளியது. அதற்கு முழுப் பொறுப்பும் நான்தான்.

சரி, நண்பருக்கு. நீங்கள் நாலு பேர், ஒரு நாளைக்கு நாலைந்து மெர்ஜ். உங்களுக்கு வரிசையே உருவாகாது, அப்புறம் எதற்கு கியூ? டெஸ்ட் தேறினால் தானாகச் சேர்க்கும் ஆட்டோ மெர்ஜ் போதும். பிராஞ்ச் மெயினோடு ஒத்துப்போக வேண்டும் என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு அந்தப் போட்டாபோட்டி தாங்கும். பணமும் பாருங்கள். கிட்ஹப்பில் நிறுவனக் கணக்கின் பொது ரெப்போவுக்கு (யாரும் பார்க்கக்கூடிய கோட் கிடங்குக்கு) கியூ இருக்கிறது, தனியார் ரெப்போவுக்கு வேண்டுமென்றால் எண்டர்பிரைஸ் கிளவுட் திட்டத்துக்குப் போக வேண்டும். கிட்லாபின் மெர்ஜ் டிரெயினும் இலவசத் திட்டத்தில் கிடையாது. போடுகிற பணத்தில் டெஸ்ட் ஓடும் நேரத்தைக் குறைக்க ஒரு நல்ல மெஷின் எடுங்கள்.

ஐந்தில் எத்தனை என்று கேட்டால் இன்றைக்கு இரண்டுதான் கொடுப்பேன். போன மாதம் கேட்டிருந்தால் நாலரை. இன்று காலை என் பி.ஆரும் வெளியே வந்து கிடந்தது, தப்பு என்னுடையது இல்லை, எனக்கு முன்னால் போன புனலூர்க்காரருடையது. அவரைக் கூப்பிட்டால் "சாரே, என்டேது போயல்லோ" (என்னுடையது போய்விட்டதே) என்று சிரிக்கிறார். இப்போதுதான் திருத்தி மறுபடி போட்டேன். எனக்கு முன்னால் மூன்று பேர். அதில் ஒன்று அவருடையது.